கடல்பனியின் கனம்: தாழப் பறந்து அளந்த நூறு ஆண்டுகள்

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் நடுவில் ஆர்க்டிக் கடல்பனி அந்த ஆண்டின் மிகக் குறைந்த பரப்புக்குச் சுருங்குகிறது. அன்றைய எண் உலகெங்கும் செய்தியாகிறது. 2012இல் அது சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர். 1979 முதல் தொடரும் செயற்கைக்கோள் பதிவில் மிகக் குறைவானது. தென்துருவத்தில் 2023 பிப்ரவரியில் கடல்பனி 18 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது.

இந்த எண்கள் முக்கியமானவை. ஆனால் அவை பரப்பை மட்டுமே சொல்கின்றன. அரை மீட்டர் கனமுள்ள பனியும் மூன்று மீட்டர் கனமுள்ள பனியும் உயரத்திலிருந்து பார்த்தால் ஒரே வெள்ளைதான். முன்னது ஒரு கோடையைக்கூடத் தாங்காமல் கரைந்துவிடும். பின்னது பல கோடைகளைக் கடந்து நிற்பது. கடலிலிருந்து காற்றுக்கு எவ்வளவு வெப்பம் கசியும், கப்பல் போக முடியுமா, அடுத்த ஆண்டு பனி மிஞ்சுமா என்பதையெல்லாம் கனமே தீர்மானிக்கிறது. கனத்தை அறிய யாராவது பனிக்கு அருகே போக வேண்டியிருந்தது. கால்நடையாகப் போனவர்கள் சில கிலோமீட்டரை அளந்தார்கள். விமானத்தில் தாழப் பறந்தவர்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரை அளந்தார்கள். செயற்கைக்கோள்கள் இன்று தரும் கடல்பனிக் கணக்குகளின் நம்பகத்தன்மை பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த பறத்தல்களின் மேல் நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வழி தேடிய விமானங்கள்

கப்பலின் உச்சியில் ஏறி நின்றாலும் சில கிலோமீட்டர் தூரமே கண்ணுக்கு எட்டும். கடல்பனியோ காற்றாலும் நீரோட்டத்தாலும் ஓயாமல் நகர்வது. காலையில் திறந்திருந்த வழி மாலையில் மூடிக்கொள்ளும். எனவே விமானம் பிறந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே அது துருவத்துக்குப் போய்விட்டது. 1914 ஆகஸ்டில் யான் நகூர்ஸ்கி என்ற போலந்து வம்சாவளி ரஷ்யக் கடற்படை விமானி, காணாமற்போன சேடோவ் பயணக் குழுவைத் தேடி நோவயா செம்லியாத் தீவுகளின் கரையோரம் ஃபார்மன் மிதவை விமானத்தில் பறந்தார். ஆர்க்டிக்கின் மேல் விமானம் பறந்தது அதுவே முதல்முறை. தேடியவர்கள் கிடைக்கவில்லை, ஆனால் மேலிருந்து பார்த்தால் பனியின் அமைப்பைப் படிக்க முடியும் என்பது தெரிந்தது.

பனியைப் பார்ப்பதையே நோக்கமாகக் கொண்ட முதல் பெரிய முயற்சிகளில் ஒன்று கனடாவினுடையது. மேற்குக் கனடாவின் கோதுமையை ஹட்சன் விரிகுடா வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்பும் எண்ணத்தில் சர்ச்சில் என்ற இடத்துக்கு ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். விரிகுடாவுக்கு வாசலாக இருக்கும் ஹட்சன் நீரிணை ஆண்டில் எத்தனை நாள் கப்பலுக்குத் திறந்திருக்கும் என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. 1927–28இல் கனடிய அரசு நீரிணையோரம் மூன்று தளங்கள் அமைத்து, ஃபாக்கர் விமானங்களைப் பனிக்காலம் முழுவதும் ரோந்து அனுப்பியது.

அந்தக் குளிர்காலத்தில் நடந்த ஒரு நிகழ்வு இத்தொழிலின் இயல்பைக் காட்டுகிறது. 1928 பிப்ரவரியில் போர்ட் பர்வெல் தளத்திலிருந்து கிளம்பிய விமானி லூயிஸ், பனிப்புயலில் திசை தவறி, எரிபொருள் தீர்ந்த நிலையில் கடல்பனியின் மேலேயே விமானத்தை இறக்கினார். அவருடன் ஒரு விமானப்படை உதவியாளரும் பாபி என்று அழைக்கப்பட்ட இனுயிட் வழிகாட்டி ஒருவரும் இருந்தார்கள். பல நாள் நடந்து மூவரும் உயிருடன் திரும்பியதற்குக் காரணம் பாபி. எந்தப் பனி ஆளைத் தாங்கும் என்று பார்த்துச் சொன்னவரும், இரவுக்குப் பனிவீடு கட்டியவரும், வால்ரஸை வேட்டையாடி உணவு தந்தவரும் அவரே. அந்த அறிவு அவருடைய மக்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது. விமானங்கள் சேகரிக்கத் தொடங்கியதும் அதே வகை அறிவைத்தான். தூரமும் வேகமும் மட்டுமே புதியவை.

சோவியத் ஒன்றியம் இதை ஓர் அன்றாட நிர்வாகமாகவே ஆக்கியது. தன் வடகரையோரமாகச் செல்லும் வடகடல் வழியை ஆள 1932 டிசம்பரில் தனித் துறை உருவானது. 1934 பிப்ரவரி 13 அன்று செல்யூஸ்கின் என்ற கப்பல் சுக்சி கடலில் பனியால் நசுங்கி மூழ்கியது. 104 பேர் மிதக்கும் பனியில் தங்கினார்கள். ஏப்ரல் 13க்குள் அத்தனை பேரும் விமானங்களில் மீட்கப்பட்டார்கள். ‘சோவியத் வீரர்’ என்ற பட்டம் முதன்முதலில் வழங்கப்பட்டது அந்த மீட்பில் பறந்த ஏழு விமானிகளுக்கே. அதன்பின் கோடைக் கப்பல் பருவத்தில் பனி ரோந்து வழக்கமானது. விமானத்தில் பனியியல் அறிந்த ஒருவர் உடன் செல்வார். பறந்தபடியே வரைபடம் வரைவார். கீழே பனியுடைக்கும் கப்பல் தென்பட்டால் வரைபடத்தைக் குழாயில் அடைத்து அதன் தளத்தில் விழும்படி வீசுவார்கள். அடுத்த சில மணிநேரம் கப்பல்தலைவருக்கு அந்தத் தாளே வழிகாட்டி.

சாளரத்தருகே இருப்பவர் என்ன பார்க்கிறார்?

கடல்நீர் ஏறக்குறைய மைனஸ் 1.8 பாகை செல்சியசில் உறையத் தொடங்குகிறது. முதலில் நுண்ணிய ஊசிப் படிகங்கள் மேற்பரப்பில் சேர்ந்து, எண்ணெய் கொட்டியதுபோல் நீர் மினுக்கிழந்து கிடக்கும். பிறகு அது கருநிறமான, அலையோடு வளைந்து கொடுக்கும் மெல்லிய தகடாகிறது. பத்து சென்டிமீட்டர் வரை இந்த நிலைதான். பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டரில் சாம்பல் நிறம். பதினைந்து முதல் முப்பதில் சாம்பல் வெளுக்கிறது. முப்பதைத் தாண்டினால் வெள்ளை. அதாவது இளம்பனியின் கனத்தை நிறமே சொல்லிவிடுகிறது. கீழே உள்ள கரிய கடல்நீர் எந்த அளவுக்கு ஊடே தெரிகிறது என்பதுதான் அந்த நிறம்.

வெள்ளையான பிறகு நிறம் உதவாது. அப்போது வடிவத்தைப் படிக்க வேண்டும். பனித்தட்டுகள் மோதும் இடத்தில் உடைந்த கட்டிகள் குவிந்து மேடாகின்றன. மேட்டின் விளிம்பு கூர்மையாக இருந்தால் அந்த ஆண்டுப் பனி. கோடைகளில் உருகி உருண்டு, மேடுபள்ளம் மென்மையாக இருந்தால் பழைய பனி. கோடையில் உருகுநீர்க் குட்டைகள் பழைய பனியின் மேல் தெளிந்த நீலமாகத் தெரியும். ஒவ்வொரு கோடையிலும் உப்புநீர் வடிந்துபோவதால் பழைய பனி கிட்டத்தட்ட நன்னீர்ப் பனி, மிகவும் கடினமானது. பனியுடைக்கும் கப்பலுக்கு இந்த வேறுபாடு உயிர்நிலை.

பார்வையாளர் முதலில் பத்தில் எத்தனை பங்கு பனி என்று மதிப்பிடுகிறார். பிறகு அதில் எந்த வகை எத்தனை பங்கு, ஒவ்வொன்றும் எந்த வளர்ச்சிப் பருவத்தில் இருக்கிறது, தட்டுகளின் அளவு என்ன என்று பிரிக்கிறார். உலக வானிலை அமைப்பு வகுத்த முறையில் இவை ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு வரிசை எண்களாக எழுதப்படுகின்றன. வரைபடத்தில் அந்தக் கட்டத்தைப் பார்க்கும் கப்பல்தலைவர் எந்த நாட்டவராயினும் ஒரே பொருளைப் புரிந்துகொள்வார்.

இந்தப் பார்வையை ஏமாற்றும் பொறிகளும் உண்டு. சாய்வாகத் தொலைவில் பார்க்கும்போது பனி மேடுகள் இடைவெளிகளை மறைத்துவிடும். அடிவானத்தை நோக்கப் பனி உள்ளதைவிட அடர்த்தியாகத் தோன்றும். எனவே விமானத்தின் நேர்கீழே தெரிவதற்கே அதிக மதிப்பு. சூரியன் தாழ்ந்திருந்தால் மேடுகளின் நிழல் நீண்டு அவற்றின் உயரத்தைக் கணக்கிட உதவும். மேகம் மூடினால் நிழல் போய், மேடும் சமவெளியும் ஒன்றாகிவிடும். அதே மேகம் வேறொரு உதவி செய்கிறது. திறந்த நீருக்கு மேலுள்ள மேகத்தின் அடிப்பகுதி இருண்டும், பனிக்கு மேலுள்ளது வெளிறி ஒளிர்ந்தும் இருக்கும். பல கிலோமீட்டருக்கு அப்பால் வழி திறந்திருப்பதை மேகத்தைப் பார்த்தே சொல்லலாம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்: இருட்டைத் தாண்டிய கண்கள்

1959 ஜனவரி 30 அன்று டென்மார்க்கின் ஹான்ஸ் ஹெட்டோஃப்ட் என்ற புதிய கப்பல், தன் முதல் பயணத்தில் கிரீன்லாந்தின் தென்முனையருகே பனிமலையில் மோதி 95 பேருடன் மறைந்தது. அந்த ஆண்டே டென்மார்க் தென்கிரீன்லாந்தின் நர்சார்சுவாக்கில் பனி ரோந்து மையத்தை அமைத்தது. 1962இல் அமெரிக்கக் கடற்படை ‘பறவைப் பார்வை’ என்று பொருள்படும் பெயரில் ஒரு திட்டம் தொடங்கி, ஆர்க்டிக் நடுக்கடல்வரை நீண்ட பறத்தல்களில் பனி நிலையைப் பதிவுசெய்தது. கப்பல் செல்லாத இடங்களின் பனியும் இப்படிப் பதிவாகத் தொடங்கியது.

ஆனால் துருவத்தில் பாதி ஆண்டு இருட்டு. மீதி ஆண்டின் பெரும்பகுதி மேகம். இதற்கு விடை நுண்ணலையில் கிடைத்தது. எல்லாப் பொருளும் இயல்பாகவே நுண்ணலைக் கதிர்களை மெல்லியதாக உமிழ்கிறது. பனியும் திறந்த நீரும் உமிழும் அளவில் பெரிய வேறுபாடு உண்டு. மேகமும் இரவும் அதற்குத் தடையில்லை. 1970களின் தொடக்கத்தில் நாசாவின் கான்வேர் 990 விமானம் நுண்ணலைக் கருவியுடன் ஆர்க்டிக்கின் மேல் பறந்தபோது மற்றொன்றும் தெரியவந்தது: உப்பு வடிந்து காற்றுக்குமிழிகள் நிறைந்த பழைய பனி, புதிய பனியிலிருந்து வேறுபட்ட அளவில் உமிழ்கிறது. பனியின் வயதையே தொலைவிலிருந்து பிரித்தறியலாம். 1973இல் பெரிங் கடலின் மேல் அமெரிக்க, சோவியத் விமானங்கள் கூட்டாகப் பறந்து இத்தகைய அளவீடுகளைச் செய்தன. பனிப்போரின் நடுவே இரு நாடுகளும் பனியைச் சேர்ந்து அளந்தது நினைவில் வைக்கத்தக்கது.

1972 டிசம்பரில் நிம்பஸ் 5 செயற்கைக்கோள் நுண்ணலைக் கருவியுடன் ஏறியது. 1978 இறுதியிலிருந்து தொடர்ச்சியான பதிவு கிடைக்கிறது. 1995இல் கனடாவின் ராடார்சாட் செயற்கைக்கோள் வந்தபின் கப்பல் வழிக்கான ரோந்துப் பறத்தலும் வெகுவாகக் குறைந்தது. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அங்கும் ரோந்து தேய்ந்தது. விமானத்தின் வேலை முடிந்துவிட்டது என்று அப்போது எண்ணியிருக்கலாம். உண்மையில் அதன் மிக நுட்பமான வேலை அங்கேதான் தொடங்கியது.

நீருக்கு மேலே பத்தில் ஒரு பங்கு

பரப்பை அறிந்த செயற்கைக்கோளுக்குக் கனத்தை அறிவது ஏன் கடினம்? மிதக்கும் பனியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே நீருக்கு மேலே நிற்கிறது. செயற்கைக்கோள் அந்த மேற்பங்கின் உயரத்தை அளந்து, அதிலிருந்து முழுக் கனத்தையும் கணக்கிடுகிறது. கடல்நீர், பனிக்கட்டி ஆகியவற்றின் அடர்த்திகளை இட்டுக் கணக்குப் போட்டால், மேற்பங்கின் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் பிழை, கனத்தில் சுமார் ஒன்பது சென்டிமீட்டர் பிழையாகப் பெருகுகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் பனிக்கட்டியின் மேல் வானிலிருந்து விழுந்து படியும் பொழிபனி. உயரத்தை அளக்க அனுப்பப்படும் லேசர் அந்தப் பொழிபனியின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்புகிறது. பொழிபனி உள்ளதைவிடப் பத்து சென்டிமீட்டர் அதிகமென்று தவறாக எடுத்துக்கொண்டால், கட்டியின் கனம் அறுபது சென்டிமீட்டருக்கும் மேல் குறைந்து வரும். ஒன்றரை மீட்டர் பனியில் அது சிறு பிழையல்ல.

எனவே மேற்பங்குக்கும் அடிப்பங்குக்கும் உள்ள உறவை நேரடியாகப் பார்க்க வேண்டியிருந்தது. 1987 மே மாதம் கிரீன்லாந்துக்கு வடக்கே பிரிட்டனின் சூப்பர்ப் நீர்மூழ்கி பனிக்கு அடியில் சென்று, ஒலியலையால் அடிப்புறத்தை மேல்நோக்கி அளந்தது. நாசாவின் விமானம் அதே தடத்தில் மேலே பறந்து லேசரால் மேற்புறத்தை அளந்தது. ஒரே பனியின் இரு முகங்களும் ஒருசேரக் கிடைத்தன. மேற்புறத்தின் சராசரியிலிருந்து அடிப்புறத்தின் சராசரியை எந்த அளவு நம்பிக்கையுடன் ஊகிக்கலாம் என்பதற்கு இப்படிப்பட்ட ஒப்பீடுகளே ஆதாரம்.

பொழிபனிக்கும் விமானமே விடை தேடியது. 1954 முதல் 1991 வரை கடல்பனியின் மேலேயே மிதந்து நகர்ந்த சோவியத் நிலையங்களில் தங்கியவர்கள் பனியில் கோல் நட்டு அளந்த ஆழங்களையே உலகம் நெடுநாள் பயன்படுத்தியது. அந்த நிலையங்கள் இருந்தது பழைய, கனத்த பனியின் மேல். 2009இல் நாசா விமானத்தில் ஏற்றப்பட்ட பொழிபனி ரேடார் காட்டியது: பழைய பனியின் மேல் அந்தச் சராசரிகள் ஓரளவு பொருந்துகின்றன, ஓராண்டுப் பனியின் மேல் அவற்றில் சுமார் பாதி அளவே பொழிபனி இருக்கிறது. ஓராண்டுப் பனி பிந்தி உருவாவதால் அதன்மேல் பனி சேரும் காலமும் குறைவு. ஆர்க்டிக்கின் பெரும்பகுதி ஓராண்டுப் பனியாக மாறிவரும் காலத்தில், பழைய சராசரியை எங்கும் இட்டிருந்தால் கனக் கணக்கு முழுவதும் பிசகியிருக்கும்.

கயிற்றில் தொங்கும் கருவி

ஜெர்மனியின் ஆல்ஃப்ரெட் வெகனர் நிறுவனம் வேறொரு வழியில் கனத்தைப் பிடித்தது. கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது. பனி ஏறக்குறைய கடத்துவதே இல்லை. டார்பிடோ வடிவிலான, மூன்றரை மீட்டர் நீளமுள்ள ஒரு கருவி மின்காந்தப் புலத்தைக் கீழே அனுப்புகிறது. அது பனியைத் தாண்டிக் கடல்நீரில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் உண்டாக்கும் எதிர்ப்புலத்தைக் கருவியே அளக்கிறது. பனியின் அடிப்புறம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது அதிலிருந்து கிடைக்கும். கருவியிலுள்ள லேசர் மேற்புறத் தொலைவைத் தரும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், பொழிபனியும் கட்டியும் சேர்ந்த மொத்தக் கனம்.

இதை ஹெலிகாப்டரில் கட்டிப் பறந்தவர்கள், 2009 முதல் போலார் 5 விமானத்திலும் பறக்கவிட்டார்கள். 1930களில் பிறந்த டிசி 3 விமானத்தின் உடலைப் புதுப்பித்துப் புது இயந்திரங்கள் பொருத்தியது அது. காற்றில் ஏறியபின் கருவி 80 மீட்டர் கயிற்றில் இறக்கப்படுகிறது. விமானம் சுமார் 60 மீட்டர் உயரத்தில் பறக்க, கருவி பனிக்கு 15 மீட்டர் மேலே செல்கிறது. இருபது மாடிக் கட்டடம் விமானத்தின் அடிவயிற்றை உரசக்கூடிய உயரம். முன்னே பனி மேடும் மூடுபனியும் வரலாம். அந்த உயரத்தை மணிக்கணக்காகக் காப்பது விமானியின் திறமை. கருவிக்கும் குறையுண்டு: அது ஒரே நேரத்தில் ஐம்பது மீட்டர் அளவுள்ள பரப்பைச் சேர்த்துப் பார்ப்பதால், கூரிய மேடுகளின் உச்சக் கனத்தைக் குறைத்துச் சொல்லும். சமதளப் பனியில் துல்லியம் மிக நன்று.

வடதுருவத்தையொட்டிய நீரோட்டப் பகுதியில் 2001, 2004, 2007 கோடை இறுதிகளில் ஹெலிகாப்டரிலிருந்து இப்படி அளந்தார்கள். 2007இல் அங்கே சராசரிக் கனம் 1.27 மீட்டர்; மிகுதியாகக் காணப்பட்ட கனம் 0.9 மீட்டர். சராசரி 2001ஐவிட 44 சதவீதம் வரை குறைந்திருந்தது. பல ஆண்டுப் பனி போய் ஓராண்டுப் பனி வந்ததே முக்கியக் காரணம். அதே 2007 செப்டம்பரில் ஆர்க்டிக் பரப்பும் அதுவரை காணாத அளவுக்குச் சுருங்கியது. பரப்பின் வீழ்ச்சிக்குப் பின்னிருந்த மெலிதலை இந்தப் பறத்தல்கள் எண்ணாக்கிக் காட்டின.

இரண்டு செயற்கைக்கோள்களுக்கு இடையே ஒரு பாலம்

2003இல் ஏவப்பட்ட நாசாவின் ஐஸ்சாட் லேசர் 2009இல் ஓய்ந்தது. அதன் வாரிசான ஐஸ்சாட் 2 ஏறியது 2018 செப்டம்பரில்தான். அந்த இடைவெளியை நிரப்ப நாசா 2009 முதல் 2019 வரை ‘ஐஸ்பிரிட்ஜ்’ திட்டத்தில் இரு துருவங்களிலும் பறந்தது. வடக்கே கிரீன்லாந்தின் தூலே முதலான தளங்களிலிருந்தும், தெற்கே சிலியின் புன்டா அரேனாசிலிருந்தும் விமானங்கள் கிளம்பின. சுமார் 460 மீட்டர் உயரத்தில் லேசர், பொழிபனி ரேடார், கேமரா எல்லாம் ஒரே விமானத்தில் ஒரே பனியைப் பார்த்தன.

2019 ஏப்ரலில் புதிய ஐஸ்சாட் 2 தடத்துக்கு நேர்கீழே விமானம் பறந்து இரண்டின் அளவுகளையும் ஒப்பிட்டது. நிலத்தின் மேலானால் இது எளிது. கடல்பனி நகர்வது. செயற்கைக்கோள் கடந்துபோன பிறகு பனி எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று காற்றைக்கொண்டு கணித்து, விமானத்தின் தடத்தை அதற்கேற்ப மாற்றினார்கள். செயற்கைக்கோள் பார்த்த அதே பனித்தட்டைப் பிடித்தார்கள். அளவுகள் நெருங்கிப் பொருந்தின. இன்று ஐஸ்சாட் 2 தரும் எண்ணை நம்ப நமக்குள்ள காரணங்களில் இது முதன்மையானது.

பழைய வரைபடங்களின் மதிப்பும் குறைகளும்

தொடர்ச்சியான செயற்கைக்கோள் பதிவு 1978 இறுதியில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் என்ன இருந்தது என்ற கேள்விக்குப் பழைய பனி வரைபடங்களே சான்று. சோவியத் ரோந்து வரைபடங்கள், டென்மார்க்கின் வானிலை நிறுவன வரைபடங்கள், திமிங்கிலக் கப்பல் குறிப்புகள் ஆகியவற்றை எல்லாம் இணைத்து, 1850 வரை பின்னோக்கிச் செல்லும் ஆர்க்டிக் பனிப் பதிவு ஒன்றை ஜான் வால்ஷும் அவரது சகாக்களும் உருவாக்கினார்கள். அண்மைக் கோடைகளின் அளவுக்குப் பனி சுருங்கியதற்கு அந்த நூற்றைம்பது ஆண்டுகளில் முன்னுதாரணம் இல்லை என்பது அதிலிருந்து கிடைத்த முடிவு. இது இயற்கையின் பழைய ஏற்ற இறக்கம்தானே என்று கேட்பவர்களுக்கு அந்தப் பதிவு பதில் சொல்கிறது.

அந்தப் பதிவின் சாய்வுகளையும் அறிந்தே பயன்படுத்த வேண்டும். ரோந்து விமானங்கள் கப்பல் வழிகளை அதிகம் பார்த்தன. நடுக்கடலைக் குறைவாகவே பார்த்தன. கோடையில் அதிகமும் இருண்ட குளிர்காலத்தில் குறைவும் பறந்தன. சோவியத் விமானங்கள் பனியில் இறங்கிக் கனம் அளந்த பயணங்களில், இறங்கத் தகுந்த தட்டையான பனி மட்டுமே அளக்கப்பட்டது, மேடுகள் விட்டுப்போயின. பத்தில் ஏழா எட்டா என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருந்தது. இச்சாய்வுகளைத் திருத்த, ஒரே பனியைப் பழைய முறையிலும் புதிய முறையிலும் பார்த்த ஆண்டுகள் வேண்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த 1980கள் அந்த வகையில் விலைமதிப்பற்றவை.

அருகே போகும் பொறுப்பு

விமானப் பறத்தல் செலவு மிக்கது, ஆபத்தானது, செயற்கைக்கோள் ஒரு நாளில் பார்ப்பதில் சிறு துளியைத்தான் பார்க்கிறது. எனவே நிதி குறையும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுவே. ஆனால் இந்த வரலாறு காட்டுவது வேறு. கருவிகள் மாறின, பனியும் மாறிக்கொண்டே இருக்கிறது. பழைய பனியை வைத்துத் தேறிய கணக்குமுறை, மெல்லிய ஓராண்டுப் பனிக்கு அப்படியே பொருந்தாது என்பதைப் பொழிபனி ரேடார் ஒருமுறை காட்டிவிட்டது. பனி இன்னும் மெலியும்போது அடுத்த பிசகு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை மேலிருந்து பார்த்து அறிய முடியாது.

2010இல் ஏறிய, பனியின் கனத்தை அளக்கும் மற்றொரு செயற்கைக்கோளான கிரையோசாட் 2, திட்டமிட்ட ஆயுளைப் பலமடங்கு கடந்து உழைத்திருக்கிறது. ஐஸ்சாட் 2வும் தன் மூன்றாண்டு வடிவமைப்பைத் தாண்டிவிட்டது. இவற்றில் ஒன்று திடீரென்று நின்றால், அடுத்தது ஏறும்வரை கனத்தின் பதிவைத் தொடர்வதற்கு விமானங்களும் விமானிகளும் பயிற்சி பெற்ற பார்வையாளர்களும் தயாராக இருக்க வேண்டும். அவர்களைத் தேவை வந்த பிறகு உருவாக்க முடியாது. காலநிலை, கடல்வழி பற்றிய அரசுகளின் முடிவுகள் இந்த எண்களின் மேல் எடுக்கப்படுகின்றன. அந்த எண்களை நம்பி முடிவெடுக்கும் நாடுகள், பனிக்கு அருகே ஆளை அனுப்பும் செலவையும் ஆண்டுதோறும் சேர்த்தே ஏற்க வேண்டும்.